முப்பத்தொரு மில்லிசெகண்ட்

கற்பனை கலந்து எழுதும் திறமை எனக்கு இருந்திருந்தால் இதைக் கதை என்றே சொல்லியிருப்பேன். அந்தத் திறமை எனக்கு இல்லை. நடந்ததை நடந்தபடி எழுத மட்டுமே தெரியும். நடந்தது இதுதான். நம்பும்படி தங்களை வற்புறுத்த மாட்டேன். படித்து முடித்ததும் தாங்கள் இருக்கும் அறையின் விளக்கை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

என் வேலையை முதலில் சொல்லிவிட வேண்டும். கருவிகளைத் தூங்க வைப்பவள் நான். எந்தக் கணினிக்கும் உள்ளே ஆழத்தில் கெர்னல் என்றொரு பகுதி உண்டு. வேலை இல்லாத நேரத்தில் ப்ராசஸரை லேசாகத் தூங்க விடுவதா, ஆழமாகத் தூங்க விடுவதா என்று அதுதான் முடிவு செய்யும். லேசான தூக்கத்தில் பேட்டரி கரையும். ஆனால் தொட்டவுடன் கருவி விழிக்கும். ஆழ்ந்த தூக்கத்தில் பேட்டரி மிச்சமாகும். ஆனால் விழிக்க நேரமாகும். முந்தைய அழைப்புகளின் இடைவெளியை வைத்து, அடுத்த அழைப்பு எப்போது வரும் என்று ஊகித்து, அதற்கேற்ற தூக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் நிரல் என்னுடையது.

நாங்கள் செய்துகொண்டிருந்தது மருத்துவமனைக் கட்டிலின் தலைமாட்டில் வைக்கும் அழைப்புக் கருவி. அதன் வயர் முனையிலுள்ள பொத்தானை நோயாளி தொட்டால் செவிலியர் மேசையில் மணி அடிக்கும். செவிலியர் தம் மேசையிலுள்ள ‘வருகிறேன்’ என்ற பொத்தானை அழுத்தினால் மணி நிற்கும். கட்டிலருகே கருவியில் பச்சை விளக்கு எரியும். அவ்வளவுதான்.

எங்கள் மேலாளருக்குப் ‘பேட்டரி’ என்று பெயர் வைத்திருந்தோம். காலை வணக்கத்துக்குப் பதில் வணக்கமாக அவர் பேட்டரியைப் பற்றித்தான் கேட்பார். ஒருமுறை சார்ஜ் செய்தால் கருவி ஒரு மாதம் ஓட வேண்டும், இல்லையென்றால் திங்கட்கிழமையோடு கடையை மூடிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார். ஒன்பது பேர் இருந்த குழுவில் மிஞ்சியது இருவர். நானும், வன்பொருள் பார்க்கும் நண்பரும். மதிய உணவுக்குப் பின் கண்ணயர்வதால் அவருக்குக் ‘குட்டித்தூக்கம்’ என்று பெயர்.

ஒரு மாதம் ஓட வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆழ்ந்த தூக்கம். அதிலிருந்து விழிக்க நாற்பது மில்லிசெகண்ட் ஆகும். அதற்குள் விலகிவிடும் விரலைக் கருவி கவனிக்காது. ஆகவே, நாற்பதுக்குக் குறைந்த தொடுகை தொடுகையே அல்ல என்று நிரலில் ஒரு வரி சேர்க்க வேண்டும். சனிக்கிழமை மாலை அந்த ஒரு வரியை எழுதத்தான் தனியே அலுவலகம் போனேன்.

பல வாரங்களாக எனக்கு எதுவும் உறைக்காமல் போயிருந்தது. பசி, தூக்கம், கோபம் எல்லாமே யாருடையதோ போலத் தோன்றும். அன்றும் அப்படித்தான்.

நாங்கள் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. வராந்தா பக்கம் மட்டும் கண்ணாடிச் சுவர். உள்ளே அசைவு இருந்தால் விளக்கு எரியும். சில நிமிடங்கள் அசைவு இல்லையென்றால் அணைந்துவிடும். அதனால் வேலைக்கு நடுவே, ஓடும் பேருந்தை நிறுத்துவதுபோல் அடிக்கடி கையை வீசுவோம்.

மருத்துவமனையில் சோதனைக்கு வைத்துத் திரும்பி வந்திருந்த கருவி ஒன்றை மேசைமேல் வைத்து ஓடவிட்டேன். எந்தக் கட்டிலில் இருந்தது என்று நான் விசாரிக்கவில்லை.

கருவி ஆழ்ந்து தூங்க மறுத்தது.

அழைப்பு சீக்கிரம் வரும் என்று என் நிரல் ஊகித்துக்கொண்டே இருந்தது. திரையைப் பார்த்தேன். தொடுகைகள் வரிசையாகப் பதிவாகியிருந்தன. மிக லேசானவை. பதினெட்டு மில்லிசெகண்ட். பதினேழு. பதினெட்டு. பொத்தான் என் கண்ணெதிரே, யாரும் தொடாமல் கிடந்தது.

மின்சாரக் குறுக்கீடு என்று நினைத்தேன். எங்கள் பிழைப்பில் எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். இருபதுக்குக் குறைந்ததைத் தள்ளிவிடு என்று வரம்பு வைத்தேன். தள்ளப்பட்டவை திரையில் சாம்பல் நிறத்தில் தெரியும்.

சற்று நேரம் எதுவும் வரவில்லை.

பிறகு ஒன்று வந்தது. இருபத்தொன்று.

வரம்பை முப்பதாக்கினேன்.

முப்பத்தொன்று.

குட்டித்தூக்கத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். வெறும் நாய்ஸ், குறுக்கீடுதான், ஃபில்டர் போடு என்றார். போட்டுவிட்டேன், போட்ட வரம்புக்கு மேல் ஒன்று வருகிறது என்றேன்.

“நாய்ஸ் கணக்குப் பாத்தெல்லாம் வராதே.”

“வருதே.”

“பட்டன் வயரக் கழட்டிப் பாரு.”

“கழட்டிட்டுத்தான் பேசறேன்.”

“நீ வீட்டுக்குக் கிளம்பு,” என்றார்.

கிளம்பியிருக்க வேண்டும். வரம்பை நாற்பதாக்கினேன். எழுத வேண்டியிருந்த அந்த வரி அதுதான்.

சாம்பல் நிறத்தில் வரத் தொடங்கின. முப்பத்தாறு. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது…

முப்பத்தொன்பது…

மூச்சைப் பிடித்துக்கொண்டு யாரோ முயல்வதுபோல் இருந்தது.

முப்பத்தேழு… முப்பத்துநான்கு… இருபத்தாறு…

பயம் வரவில்லை. அதை மறைக்காமல் சொல்கிறேன். என் கை தானாக நீண்டது. சோதனைக்கென்று வைத்திருந்த செவிலியர் மேசைப் பெட்டியில் ‘வருகிறேன்’ பொத்தானை ஆள்காட்டி விரலால் அழுத்தினேன்.

டிக்.

பச்சை விளக்கு எரிந்தது. தொடுகைகள் நின்றன.

நான் அசையாமல் அமர்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அறை விளக்கு அணைந்தது.

கையை வீச நினைத்தேன். கை வரவில்லை. காலும் வரவில்லை. கழுத்துக்குக் கீழே நான் இருப்பதாகவே தெரியவில்லை.

இருட்டில் அந்தப் பச்சைப் புள்ளி மட்டும். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

அப்போது…

அறை விளக்கு எரிந்தது.

நான் அசையவில்லை.

எப்படி வீடு சேர்ந்தேன் என்பது நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்தபடியே வரம்பை எடுத்துவிட்டு, லேசான தூக்கம் போதும் என்று அறிக்கை அனுப்பினேன். பேட்டரி பன்னிரண்டு நாள்தான் வரும் என்பதையும் அதில் எழுதினேன். வேலை போகும் என்று தெரியும். அதுவும் உறைக்கவில்லை.

திங்கட்கிழமை மேலாளர் சத்தம் போடவில்லை. நோயாளிகள் இவ்வளவு லேசாகவா தொடுவார்கள் என்று கேட்பதற்காக, சோதனை நடந்த மருத்துவமனையிலிருந்து ஒரு செவிலியரை வரவழைத்திருந்தார்.

“லேசாத்தான் சார் தொடுவாங்க,” என்றார் அந்த அம்மையார். “பலம் இருந்தா எங்கள எதுக்குக் கூப்பிடறாங்க?”

மேலாளர் என் அறிக்கையில் கையெழுத்திட்டார். கருவி பன்னிரண்டு நாளோடு விற்பனைக்குப் போகட்டும் என்றும், மேலிடத்தில் தாமே பேசிக்கொள்வதாகவும் சொன்னார். நாங்கள் தப்பித்தோம்.

கிளம்பும்போது செவிலியர் என் மேசையிலிருந்த கருவியைக் கவனித்தார். பின்புறம் ஒட்டியிருந்த துண்டு பிளாஸ்திரியைத் தடவிப் பார்த்தார்.

“இது கடைசி ரூம்ல இருந்ததாச்சே. இதையா டெஸ்ட் பண்றீங்க?”

இதில்தான் அந்த லேசான தொடுகைகளைப் பார்த்தேன் என்றேன்.

“இத யாரும் தொட்டதே இல்லையேம்மா,” என்றார். “அந்தம்மாவுக்குக் கழுத்துக்குக் கீழ எதுவும் அசையாது. வெறும் ஆறுதலுக்குத்தான் பட்டனக் கைக்குள்ள வெச்சோம். நாள் முழுக்க இதோட விளக்கையே பாத்துட்டுப் படுத்திருப்பாங்க. அவங்க உயிர் போனப்போ நான் அடுத்த ரூம்லதான் இருந்தேன்.”



என் ஆள்காட்டி விரலில் இன்றுவரை உணர்வில்லை. நரம்பில் பழுது ஒன்றுமில்லை என்கிறார் மருத்துவர். அந்தக் கருவி இப்போது நன்றாகத் தூங்குகிறது.

போன வாரம் கட்டடத்தின் மின்பணியாளர் என்னைத் தேடி வந்தார். ஆய்வுக்கூட விளக்கு இரவும் பகலும் அணைவதே இல்லை, மின்சாரம் வீணாகிறது என்று புகார் வந்திருந்ததாம். அசைவறியும் கருவியை இரண்டு முறை மாற்றிவிட்டாராம். கண்ணாடிச் சுவருக்கு உள்ளே விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதைக் காட்டிச் சொன்னார்:

“ரிப்பேர் ஒண்ணும் இல்லம்மா. உள்ள ஆள் இருந்தா எரியத்தானே செய்யும்.”

நாங்கள் இருவரும் அப்போது வராந்தாவில் நின்றிருந்தோம்.