ஆற்றில் போட்ட கல்யாணப் பந்தல்

எங்கள் ஊர் ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். பாலாற்றங்கரை ஊர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் மனசுக்குள் தண்ணீரை ஓடவிட்டுக்கொள்வார்கள். தண்ணீரை நம்பித்தான் ஒரு காலத்தில் தோல் பதனிடும் ஆலைகள், எங்கள் பேச்சில் தோல் ஷாப்புகள், இங்கே வந்தன. தோலை நம்பி உருது பேசும் வியாபாரிகள் வந்தார்கள், தோல் பதம் பண்ணும் ஆட்கள் வந்தார்கள், பிறகு ஷூ கம்பெனிகள், அவற்றில் வேலைக்கு என்னைப் போன்ற பெண்கள். எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு தண்ணீர் மட்டும் போய்விட்டது.

மிச்சமிருந்த மணலை நாங்கள் வீணாக்கவில்லை. நான் ஸ்கூட்டர் ஓட்டிப் பழகியது நடு ஆற்றில். கிரிக்கெட் மேட்ச் ஆற்றில், பக்ரீத் ஆட்டுச்சந்தை ஆற்றில். "எங்கடி இருக்க?" என்று அம்மா போனில் கேட்டால் "ஆத்துல" என்பேன். அதைக் கேட்டு அவர் ஒருநாளும் பதறியதில்லை.

அதனால் என் கல்யாணச் சாப்பாட்டுக்கு ஆற்றில் பந்தல் போடலாம் என்று அப்பா சொன்னபோது ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. கார்த்திகை முகூர்த்தம், மண்டபம் எதுவும் கிடைக்கவில்லை. தாலி கட்டுவது வீட்டில், பந்தி ஆற்றில் என்று முடிவானது. சிரித்தது மாப்பிள்ளையின் அம்மா மட்டும்தான். நெமிலிப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஏரியும் மதகும் பார்த்து வளர்ந்தவர்.

"ஆத்துலயா பந்தல் போடுவாங்க, சம்பந்தி?"

"இது பேருக்குத்தான் ஆறு, சம்பந்தியம்மா. என் பொண்ணு பொறந்ததுலேர்ந்து பாக்குறேன், கணுக்கால் நனைஞ்சதில்ல," என்றார் அப்பா. ஏதோ தன் கையால் காயவைத்ததுபோல அதில் ஒரு பெருமை வேறு.

அப்பா தோல் ஷாப்பிலேயே காலத்தைக் கழித்தவர். நான் ஒரே பெண். வந்தவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுப் போக வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் ஒரு குறை சொல்லக் கூடாது: அந்த வருஷம் அவருக்கு வேறு நினைப்பே கிடையாது. அந்த அம்மாவின் சிரிப்போ எனக்கு முள்ளாகத் தைத்தது. இவர் முன்னால் அப்பா தலைகுனிந்து நிற்கும்படி ஆகிவிடக் கூடாது என்று நானும் வேண்டாத சாமியில்லை.

முந்தின நாள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆந்திராப் பக்கம் நல்ல மழை, தடுப்பணை நிரம்பிவிட்டது, கரையோர மக்கள் எச்சரிக்கையாக இருக்கவும். வருஷா வருஷம் இந்த ஆட்டோ வரும், தண்ணீர் வராது. "வழக்கமா சொல்றதுதான்," என்று அப்பா நாற்காலி அடுக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை தாலி ஏறியது. எல்லோரும் பந்தலுக்கு வந்து உட்கார்ந்தோம். பக்கத்துத் தெரு பாய்தான் பிரியாணி மாஸ்டர். மூன்று பெரிய தேக்சா அண்டாக்கள், மூடிமேல் தணல் வைத்து, தம்மில் இருந்தன. அப்போது பாலத்தின் மேலிருந்து யாரோ கத்தினார்கள்: "தண்ணி வருது! ஆத்துல தண்ணி வருது!"

வேறு ஊராக இருந்தால் கரையைப் பார்த்து ஓடியிருப்பார்கள். எங்கள் ஊர் சனம் தண்ணீரைப் பார்த்து ஓடியது. என் தோழிகள் ஓடினார்கள், கம்பெனி சூப்பர்வைசர் ஓடினார், என்னைச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்த போட்டோகிராபரும் கேமராவோடு ஓடினார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஷூ தையலில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் கம்பெனியில் என் வேலை. அன்றைக்கு ஊரையே ரிஜெக்ட் பண்ணியிருப்பேன்.

வெள்ளம் பாய்ந்து வரும் என்று நினைத்திருந்தேன். இது மணல் குழிகளை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு, சருகைத் தள்ளிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில்தான் வந்தது. ஆனால் எங்கேயும் நிற்கவில்லை.

"பாய், தேக்சாவ தூக்கணும்!" என்று அப்பா அலறினார்.

"தம்ல இருக்குண்ணா! இப்ப தூக்குனா சோறு பேஜாராய்டும்."

"தூக்கலன்னா சோறே இல்ல பாய்!"

ஈரத்தோல் தூக்கிப் பழகிய தோல் ஷாப் ஆட்கள் வந்தார்கள். தணலை உதறிவிட்டு, வளையத்தில் கழியைக் கோத்து, ஒன்றைக் கரையேற்றினார்கள். இரண்டாவதும் ஏறியது. மூன்றாவதைத் தொடுவதற்குள் அடுப்பு அணைந்து, தேக்சா சாய்ந்து, பிரியாணி ஆற்றோடு போய்விட்டது. அதன் பின்னாலேயே பந்தல் துணியும் நாற்காலிகளும் போயின.

பந்தி பாலத்தின் மேல் நடந்தது. இரண்டு பேருக்கு ஓர் இலை. சோறு குழைந்துபோயிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் சோற்றைப் பார்க்கவே இல்லை. எல்லோருக்கும் கண் தண்ணீர் மேலேயே இருந்தது. என் மாமியார் மட்டும் சாப்பிடாமல் கைப்பிடிச் சுவரோரம் நின்றார். பந்தியைக் குறையாக எடுத்துக்கொண்டார் என்றே நினைத்தேன்.

அப்பாவைத் தேடினேன். பாலத்தை ஒட்டிய சரிவில், வேட்டி நனைய நின்றுகொண்டிருந்தார். தண்ணீரை அள்ளி முகர்ந்தார். கொட்டிவிட்டு மறுபடி அள்ளி முகர்ந்தார். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன், திட்டுவதற்குத்தான். அவர் உள்ளங்கையை என் மூக்குக்குப் பக்கத்தில் நீட்டினார்.

"நாத்தம் இல்லம்மா. பாரேன், நாத்தமே இல்ல."

மண் வாசனை மட்டும் இருந்தது. சுண்ணாம்பும் தோலும் கலந்த வாடை இல்லாத ஆற்றை நான் அதுவரை அறிந்ததில்லை. ஷாப்புகள் ஆற்றில் விட்ட கழிவின் வாடை அது; அதில் அப்பா வேலை பார்த்த ஷாப்புக்கும் பங்கு உண்டு என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

பின்னாலேயே மாமியார் இறங்கி வந்திருந்தார். அப்பா ஈரக்கையோடு கும்பிட்டார். "மன்னிச்சிடுங்க சம்பந்தியம்மா. தண்ணி வராதுன்னு சொல்லிட்டேன். உங்களுக்கு ஒரு வாய் சோறு ஒழுங்கா போட முடியல."

அவர் செருப்பைக் கழற்றி வைத்தார். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். குனிந்து இரண்டு கையாலும் அள்ளினார்.

அப்பா பதறிப்போய்த் தடுத்தார். "மூஞ்சில ஊத்திக்காதீங்கம்மா! எங்க ஆத்துத் தண்ணி..."

"நாத்தம் இல்லன்னு நீங்கதான சொன்னீங்க, சம்பந்தி," என்றபடி அவர் முகத்தை நன்றாகக் கழுவிக்கொண்டார்.

பிரியாணி போனபோது அழாத அப்பா அப்போதுதான் அழுதார்.