கரடியூரில் மின்னும் தூண்டில் தகடுகள்

கரடியூர் மேட்டில் ஜீப் சூடேறி நின்றுவிட்டது. டிரைவர் தண்ணீர் தேடிப் போகிறார். நான் இறங்கிக் காலாற நடக்கிறேன். எதிரே சாமைக் காட்டின் குறுக்கே கயிறு கட்டி, அதில் வரிசையாக ஏதோ பளபளக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால், என் தூண்டில் தகடுகள்!

கடலூர்க் கரையில் நின்று பாரை மீன் பிடிக்க நானே செய்தவை. எவர்சில்வர் கரண்டிகளின் காம்பை வெட்டி, துளை போட்டு, முள் மாட்டி, முகம் தெரியத் தேய்த்தேன். தண்ணீரில் இழுத்தால் குட்டி மீன் ஓடுவதுபோல மின்னும். போன மாதம் இங்கே மழைக்கு ஒதுங்க இடம் கொடுத்த விவசாயியிடம், "கடல் மீனையே மயக்குற சாமானுங்க, குட்டையில போட்டுப் பாருங்க" என்று பீற்றிக்கொண்டு மொத்தத்தையும் கொடுத்துவிட்டேன். ஒரு சீசன் முழுக்க வீசியும் ஒரு மீன்கூடக் கடிக்காததை மட்டும் சொல்லவில்லை.

அவரே வருகிறார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க, வாங்க. உங்க தகடு நொம்ப நல்லா வேலை செய்யுதுங்க. வெயில்ல மின்னுச்சுன்னா ஒரு குருவி கிட்ட வர்றதில்லீங்க."

"முள்ளெல்லாம் எங்கங்க?"

"குருவி மாட்டிக்கிட்டா பாவமுங்களே. கழட்டிட்டேனுங்க."

எனக்கு அந்தக் கவலை வந்ததே இல்லை. இந்த மனிதரிடம் இனியும் மறைப்பானேன்?

"கடல்லயும் இப்படித்தாங்க. ஒரு மீன் கிட்ட வரலை" என்கிறேன்.

அவர் சிரிக்கவில்லை. அக்கறையாகக் கேட்கிறார்:

"ஏனுங்க, அங்க என்ன வெள்ளாமை போட்டிருந்தீங்க?"