சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

ராசிங்காபுரத்துக் கண்மாய் வற்றினால் ஊரே தலையில் கை வைக்கும். ராக்கையாவுக்கு மட்டும் அப்போதுதான் வேலை சூடுபிடிக்கும். காய்ந்த தரையில் பூத்த உவர்மண்ணைச் சுரண்டிக் குழியில் கொட்டி, நீர் விட்டு, வடிகிற உப்புநீரைக் கொப்பரையில் சுண்டக் காய்ச்சி ஆறவிடுவான். ஊசி ஊசியாக வெடியுப்பு இறங்கும். தேவாரம் ஊர்ப் பக்கம் யானை விரட்ட வெடி கட்டுகிறவர்கள் வீடு தேடி வந்து வாங்கிப்போவார்கள். நாக்கில் வைத்தால் சில்லென்றிருக்கும் சரக்கு.

எண்பத்திரண்டில் மழை பொய்த்தது. அடுத்த கோடையில் கண்மாய், வெள்ளை வேட்டியை உலர்த்திப் போட்ட மாதிரி கிடந்தது. அதைப் பார்த்து அவன் பூரித்துப்போனான்.

அந்தக் கோடையில்தான், கோயில் கோயிலாக ஏறி இறங்கிய பிறகு, அவன் மனைவி குருவம்மாளுக்கு ஒரு பெண் பிறந்தது. ஜக்கம்மாள் என்று பெயர் வைத்தார்கள். தாய்க்குப் பால் ஊறவில்லை. டப்பா பால்மாவுதான் கதி. ஊர்க் கிணறும் வறண்டுவிட, ராக்கையா தன் உப்புக் குழிக்குப் பக்கத்திலேயே ஊற்றுத் தோண்டினான். ஆயுளெல்லாம் உப்பு ருசி பார்த்த நாக்குக்கு அதன் கரிப்பு உறைக்கவே இல்லை.

“தண்ணி சில்லுன்னு இருக்கு, புள்ள. பானைத் தண்ணியெல்லாம் இதுகிட்டப் பிச்சை வாங்கணும்,” என்றான்.

ஊருக்கு வந்த நர்சம்மா, பிள்ளைக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனாள். காய்ச்சுவதில் இவனை மிஞ்ச ஆள் உண்டா? குருவம்மாளை அடுப்புப் பக்கமே விடவில்லை. ஒரு குடத்தைக் கால் குடமாகச் சுண்ட வைத்துத்தான் இறக்குவான்.

முதலில் பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. பிறகு நகம். “பயந்த கோளாறு ஆத்தா, வெரசா மந்திரிச்சுக் கயிறு கட்டு,” என்றாள் பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள். கட்டினார்கள். பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. தண்ணீரில்தான் ஏதோ கிருமி என்று ராக்கையா இன்னும் அதிகமாகக் காய்ச்சினான்.

அழுகையும் நின்றுபோன பிறகே போடிக்கு பஸ் ஏறினார்கள். தண்ணீரில் வெடியுப்பு கலந்திருந்தாலும் பச்சைப் பிள்ளைக்கு இப்படி நீலம் பாரிக்கும், என்ன கொடுத்தீர்கள் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

“பால்மாவும் தண்ணியும்தான் சாமி,” என்று குருவம்மாள் முந்திக்கொண்டாள். “அதையும் இவரு கையாலயே சுண்டக் காய்ச்சுனாரு.”

காய்ச்சக் காய்ச்ச நீர்தான் போகும். உப்பு எங்கே போகும்? அதை வைத்துத்தானே இத்தனை காலம் கஞ்சி குடித்தான்!

“என் உப்பையே புள்ளைக்கு ஊட்டிட்டேனே,” என்று அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதான். குருவம்மாளுக்கு அது புரிய நேரமானது.

பிள்ளை பிழைக்கவில்லை. புதைக்கக் கிளம்பும்போது, தகப்பன்தான் ஏந்திக்கொண்டு போகவேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். ராக்கையா கையை நீட்டினான். குருவம்மாள் பிள்ளையை அவன் கையில் கொடுக்கவில்லை.