செவிட்டக்கா கேட்ட அழுகை

பிரசவ ஆஸ்பத்திரியில் அவளைச் செவிட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காது கேளாதவள் என்பதால் அல்ல. மூடிய கதவுக்கு வெளியே நின்றே, உள்ளே அழுவது பசியிலா வயிற்றுவலியிலா என்று சொல்லிவிடுகிற காது அவளுக்கு. அந்தப் பட்டப்பெயர் பெரிய நர்ஸ் வைத்தது. பாராட்டாக வைத்தது.

வீட்டுக்காரன் போய்ச் சேர்ந்ததும் துடைப்பத்தோடு அங்கே நுழைந்தவள், நாளடைவில் பிரசவ அறை ஆயாவானாள். பிறக்கும் குழந்தையைக் கையில் வாங்குவாள், வாயைத் துடைப்பாள், துணியில் சுற்றுவாள். அழுத குழந்தைக்கு வெள்ளைத் துணி. செத்துப் பிறந்ததற்குப் பச்சை. ஆனால் குறைமாதத்தில் பிறந்து, கோழிக்குஞ்சு மாதிரி கொஞ்சம் கத்திவிட்டு அடங்கிப்போகிற குழந்தைக்கும் பெரிய டாக்டர் பச்சைத் துணியையே நீட்டுவார். அழுதபின் செத்தால் அது சிசு மரணம், கணக்கில் ஏறும். செத்தே பிறந்தது என்றால் அந்தக் கணக்கில் வராது.

ஆஸ்பத்திரி வாசலில் ஆளுயரப் பலகை ஒன்று நின்றது. அதில் சிசு மரணக் கோடு வருஷா வருஷம் சறுக்குமரம் போல் இறங்கும். சராசரி ஆயுள் கோடு ஏணி போல் ஏறும். நாடு சின்னது, பெருமை பெரியது. வெளிநாட்டுக்காரர்கள் பலகை முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். தடுப்பூசியும் நல்ல தண்ணீரும் நிஜமாகவே பாதி தூரம் இறக்கிய கோடுதான் அது. மீதியை இறக்கியது பச்சைத் துணி. அந்தத் துணியால், யாரும் ஒரு நாள்கூடக் கூடுதலாக வாழாமலே நாட்டின் ஆயுள் கூடியது. குறைமாதக் குழந்தைகளுக்குச் சூட்டுப்பெட்டி வேண்டுமென்று எழுதிக் கேட்டபோது, "சாகிற குழந்தையே இல்லையே, பெட்டி எதற்கு?" என்று மேலிடம் திருப்பிக் கேட்டது.

"உள்ள வரும்போது காதைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு வந்துடணும்கா," என்பாள் பெரிய நர்ஸ்.

"எனக்குக் குடுத்து அனுப்புனதே ஓட்டைக் காதுதானே சிஸ்டர்!"

சிரிப்பார்கள்.

அந்தப் பிரசவ அறைக் கட்டிலில்தான் ஒரு நாள் அவள் கூடப்பிறந்த தங்கை வந்து படுத்தாள். ஏழாம் மாதம். ஆண் குழந்தை. அழுதது. மெலிதாக ஒரு தரம், பிறகு ஒரு விக்கல், பிறகு நீளமாக ஒரு தரம். அடங்கியதும் டாக்டர் பச்சைத் துணியை நீட்டினார். பழகிய கை வாங்கிச் சுற்றிவிட்டது.

மயக்கம் தெளிந்ததும் தங்கை கேட்டாள். "அழுதானேக்கா?"

"இல்லடி. மயக்கத்துல உனக்கு என்னவோ கேட்டிருக்கு."

அன்றிலிருந்து தங்கை வீட்டில் சாயங்காலமானால் அழுகை கேட்டது. அவளுக்கு மட்டும். கரண்டி பிடித்த கை அப்படியே நிற்கும், கண் சுவரில் நிலைக்கும், அடுப்பில் குழம்பு தீயும். பார்க்கப் போன செவிட்டக்காவுக்கும் அது கேட்டது. சுவருக்குள்ளிருந்து, மெலிதாக. கை மயிர் குத்திட்டது.

ஆனாலும் அவள் பேய்க்கு அஞ்சுகிறவள் இல்லை. சுவரில் காதை வைத்தாள். பக்கத்து வீட்டில் தண்ணீர் திறக்கும்போதெல்லாம் சுவருக்குள் ஓடிய குழாய் அதிர்ந்து முனகியது. பிளம்பரைக் கூட்டிவந்து இறுக்கச் சொன்னாள். முனகல் நின்றது. அறை நிசப்தமானது.

"இப்ப?"

"இப்பத்தான்கா நல்லாக் கேக்குது. ஒரு தடவை அழறான். அப்புறம் ஒரு விக்கல்."

விக்கலைப் பற்றிச் செவிட்டக்கா யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

வாசலில் தங்கையின் மாமியார் சொல்லிக்கொண்டிருந்தாள்: "செத்துப் பொறந்தது எங்கயாவது அழுமா? பேய் பிடிச்சிருக்கு. பேயோட்டுறவரைக் கூட்டிட்டு வரத்தான் என் பையன் போயிருக்கான். கம்பியைக் காய்ச்சி ரெண்டு இழுப்பு இழுத்தா எல்லாம் சரியாப்போயிடும்."

பழுக்கக் காய்ச்சிய கம்பி. அந்த உடம்பில். பச்சைத் துணியைச் சுற்றிய கைகளைச் செவிட்டக்கா ஒரு கணம் பார்த்தாள். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் தங்கை போய்விடுவாள். எழுந்து கதவைச் சாத்தினாள்.

"அழுதான்டி. நானும் கேட்டேன். என் கையிலதான் அழுதான்."

தங்கை அழவில்லை, அடிக்கவும் இல்லை. நகர்ந்து வந்து அக்காவின் வாய்க்கு அருகே காதைக் கொடுத்தாள்.

"எப்படி அழுதான்? அழுதுகாட்டு."

அக்காவின் காது எதையும் மறந்ததில்லை. செவிட்டக்கா கண்ணை மூடினாள். தொண்டையைச் சுருக்கினாள். மெலிதாக ஒரு தரம். விக்கல். பிறகு நீளமாக ஒரு தரம்.

கதவுக்கு வெளியே ஏதோ இரும்பு தரையில் விழுந்து உருண்டது. செவிட்டக்கா கதவைத் திறந்தாள். கம்பி கிடந்தது, ஒரு ஜோடி செருப்பும் கிடந்தது. செருப்புக்குரிய பேயோட்டுகிறவர் தெருமுனையில் ஓடிக்கொண்டிருந்தார். மாமியார் சுவரோடு ஒட்டி நின்றாள். தங்கையின் புருஷனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"உள்ள... குழந்தை..." என்றான்.

"பேயுமில்ல, பிசாசுமில்ல மாப்பிள்ளை. உங்க பையன் உசுரோடதான் பொறந்தான். அழுதான். நான் மறைச்சேன், மறைக்கச் சொல்லித்தான் எனக்குச் சம்பளம். நாளைக்கு அந்தப் பலகைக்கு முன்னாடி நின்னு இதைச் சொல்லப்போறேன். இப்ப உள்ள வந்து உக்காருங்க."

அவன் உட்கார்ந்தான். விளக்கைப் போட யாருக்கும் தோன்றவில்லை.

"அதேதான்," என்றாள் தங்கை, எத்தனையோ நாளைக்குப் பிறகு தெளிந்த குரலில். "அவரும் கேக்கட்டும். இன்னொரு தடவை அழுதுகாட்டுக்கா."