ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

முதலில் வந்தது அழுகை அல்ல. கை நின்றுபோனது. சின்னக்கானல் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் பத்தொன்பது வருடமாகக் கொழுந்து எடுக்கிறேன். அன்று கத்தரியைச் செடிமேல் வைத்தேன்; வெட்டத் தோன்றவில்லை. கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நான் அங்கேயே நின்றேன்.

சூப்பர்வைசர் வந்தார். "மடி பிடிச்சிருச்சா ஒனக்கு? ஒடம்பு நல்லாத்தான இருக்கு?" என்றார். காய்ச்சல் என்றால் லீவு கிடைத்திருக்கும். இரண்டு மாதமாகத் தூங்காதவளுக்கு, பெற்ற மகள் பேசினால்கூடக் காதில் ஏறாதவளுக்கு, மடி, அதாவது சோம்பல், என்றுதான் பெயர். அந்தச் சொல்லை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

என் கணவர் சேவியர் மலைக்குக் கீழே இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா மனச்சோர்வு என்றார். தினமும் காலையில் ஒரு மாத்திரை என்று எழுதிக்கொடுத்தார். வெளியே நீண்ட வரிசை. அவர் அதற்குமேல் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சேவியர் மறக்காமல் மாத்திரை எடுத்துக் கொடுப்பார், வேலை நாளில் மட்டும். ஞாயிறு கேட்டால், "இன்னைக்கு வேலைக்கா போற? பேசாம படு, நாளைக்குப் போட்டுக்கலாம்" என்பார். எஸ்டேட் கொடுத்த எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இதுதான் வழக்கம். முதுகுவலி மாத்திரை, முட்டிவலி மாத்திரை எல்லாம் மலை ஏறும் நாளுக்கு. எனக்கும் அது தப்பாகப் படவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை. மாத்திரைக்கும் விடுமுறை. மூன்றாம் நாள் தலைக்குள் கரண்ட் அடித்ததுபோல் சுருக்சுருக்கென்றது. வாந்தி, தலைசுற்றல். செத்துப்போனால் என்ன என்று தோன்றியது. அதை மறைக்காமல் சேவியரிடம் சொன்னேன். அவர் சட்டையைக்கூட மாட்டாமல் ஜீப் பிடிக்க ஓடினார்.

"ஞாயறாழ்ச மூளைக்கும் லீவா சேட்டா?" என்று டாக்டரம்மா மலையாளம் கலந்து அவரிடம் கத்தினார். பிறகுதான் உட்காரவைத்து விளக்கினார். செரட்டோனின் (நரம்புகளுக்கு இடையே செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருள்) உடனே திரும்ப உறிஞ்சப்படாமல் இந்த மருந்து தடுக்கிறது. அந்த வேலை சீக்கிரமே தொடங்கிவிடும். ஆனால் மூளை அதற்கேற்ப மாறிக்கொள்ள வாரங்கள் ஆகும். எப்படி மாறுகிறது என்பது முழுதாக யாருக்கும் தெரியாதாம். நடுவில் விட்டால் உடம்பு இப்படித் தடுமாறும். குணமான பிறகும் மாதக்கணக்கில் தொடர வேண்டும். நிறுத்தும்போது டாக்டர் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிறுத்த வேண்டும்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இத மொதல்லயே சொல்லிருந்தா என்ன மேடம்?"

"சொல்லியிருக்கணும். தப்புதான்" என்றார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த மாத்திரை எழுதினால், வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் எழுந்திருக்காதீர்கள். எத்தனை நாளில் கேட்கும், விட்டால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

கவாத்து (செடியின் கிளைகளை வெட்டிவிடுவது) முடிந்த தேயிலை துளிர்க்க எஸ்டேட் மாதக்கணக்கில் காத்திருக்கிறது. எந்தச் சூப்பர்வைசரும் செடியைப் பார்த்து மடி என்று சொல்வதில்லை.

விடாமல் போட ஆரம்பித்து ஆறாவது வாரம், குழம்பில் உப்பு கூடிப்போனது நாக்கில் தெரிந்தது. மகளிடம் சொன்னேன். "இத்தன நாளும் இப்பிடித்தாம்மா வச்ச" என்று சிரித்தாள். சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். ருசி திரும்பியது, அவ்வளவுதான்.

இப்போது ஞாயிறு காலையிலும் சேவியர் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைக்கிறார். இத்தனை வருடம் எஸ்டேட்டுக்குப் போவதற்காக மட்டுமே இந்த உடம்புக்கு மருந்து போட்டேன். ஞாயிற்றுக்கிழமை போடுவது எனக்கு.