அக்காவின் ‘வாடி’யும் கரையோரத்து நாலு நாடகங்களும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டாள் என்று என்னைத் திட்டக்கூடாது. இங்கே எழுதப்போகும் நாலு நாடகங்களில் ஒன்றை எழுதி நடித்தவள் என் சொந்த அக்கா. பெயர் ஜெசிந்தா. கற்பிட்டிக்குப் பக்கத்தில், கண்டக்குழிக் கடற்கரையில், கருவாட்டு வாடியில் வேலை செய்கிறாள். வாடி தெரியாதவர்களுக்காக: கடலுக்குப் போகிறவர்கள் கரையில் ஓலையால் போட்டுக்கொள்ளும் கொட்டில்தான் வாடி. வலை கிடப்பதும் அங்கே, சமையலும் அங்கே, மீனுக்கு உப்புப் போடுவதும் அங்கே.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் கஷ்டமானது. இந்த வலைப்பூவில் ‘என்னைப் பற்றி’ பக்கத்தில் என் ஊர் சிலாபம் என்று போட்டிருந்தேன். அது பொய். கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் யாரோ ஊரைக் கேட்க, வாயில் சிலாபம்தான் வந்தது. சிலாபத்தில் றெயில் நிற்கும், பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஏழு வருடம் அப்படியே ஓடிவிட்டது. அக்காவுக்கு இது தெரியும். போன கிறிஸ்மஸுக்கு வீட்டுக்குப் போனபோது, கேக் வெட்டிக்கொண்டே, “நீ சிலாபமாம் எண்டு கதை. அங்க எந்த ரோட்டுல பொறந்த நீ?” என்று கேட்டாள். நான் கேக் நல்லாயிருக்கு என்றேன்.

சரி, பயணத்துக்கு வருவோம். கொழும்பின் பெரிய மண்டபங்களில் இடம் கிடைக்காத, வாடகை கட்ட முடியாத சின்னக் குழுக்கள் சேர்ந்து புத்தளம் கரையில் ஒரு நாடக விழா நடத்துகிறார்கள் என்று ஜூன் மாதம் கேள்விப்பட்டேன். ஜூலை கடைசி வெள்ளியும் சனியும். அந்த நேரம் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று பேயாய் அடிக்கும், கடலுக்குப் போவது குறைவு, அதனால்தான் வாடிக்காரர்களுக்கும் நாடகம் போட நேரம் கிடைத்தது. விழாவில் ஒரு விதி இருந்தது. ஒரு நாடகத்தை இருபத்தைந்து பேராவது பார்த்திருந்தால்தான், ஒக்டோபரில் கொழும்பில் மேடையேற்ற அதைத் தெரிவுக்கு எடுப்பார்கள். அக்காவும் கூட்டாளிகள் இரண்டு பேரும் இதற்காக மூன்று மாதம் உப்புக் கையோடு வசனம் பாடமாக்கினார்கள். நாடகத்தின் பெயரும் ‘வாடி’தான். காட்சி ஒன்றே ஒன்று, சனிக்கிழமை 11.30க்கு.

என்னோடு வந்தது அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரி ஷர்மிளா. வெள்ளவத்தைப் பிள்ளை, நாடகம் என்றால் உயிர். வெள்ளி காலை கொழும்புக் கோட்டையில் றெயில் ஏறினோம். சிலாபம் சுமார் எண்பது கிலோமீற்றர், மூன்றாம் வகுப்பு, மூன்று மணித்தியாலம். நீர்கொழும்பு தாண்டினால் இருக்க இடம் கிடைக்கும். சிலாபத்தில் இறங்கியதும் ஷர்மிளா, “இனி உங்கட ஊர்தானே, நீங்கதான் வழி காட்டவேணும்” என்றாள். மீன் சந்தைக்கு வழி தெரியாமல் நான் அவளை இரண்டு தரம் மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றவைத்தேன். தன் ஊரில் வழி தப்புகிறவளை அவள் எப்படி நம்பினாளோ தெரியாது.

முதல் நாடகம் மாலை 4 மணிக்கு, சந்தைக்குப் பின்னாலுள்ள ஒரு பழைய ஐஸ் களஞ்சியத்தில். ஒரே ஒரு நடிகர், நாற்பது நிமிடம். தேங்காய் உரிக்கிறவர் ஒருவர் தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறித் தன்னோடு தானே சண்டை பிடிக்கிறார். கோபம் வந்தால் சிங்களம், அழுகை வந்தால் தமிழ். கரையில் எங்கள் வீடுகளிலும் அப்படித்தான். மேடையில் உண்மையாகவே தேங்காய் உரிக்கிறார், மூன்றாம் வரிசைவரை தும்பு பறக்கும். கட்டாயம் பாருங்கள், ஆனால் முன்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு இருக்காதீர்கள்.

இரண்டாவது, 6 மணிக்கு, கொழும்பிலிருந்து வந்த ஒரு குழு. புகை இயந்திரம், நீல வெளிச்சம், முகமூடி எல்லாம் இருந்தது. கதைதான் இல்லை. இருபதாவது நிமிடம் ஷர்மிளா என் காதில், “இதில யார் செத்தது?” என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை, இறந்தவராக நடித்தவருக்கும் தெரிந்திருக்காது. இதைத் தவிர்க்கலாம். இரவு அறை 3,500 ரூபா, இரண்டு பேருக்கு, மின்விசிறி மட்டும்.

சனி காலை 7.15க்குப் புத்தளம் பஸ். சுமார் ஐம்பது கிலோமீற்றர், ஒன்றரை மணித்தியாலம். புத்தளம் பஸ் நிலையத்தில் முச்சக்கரவண்டி பிடித்தோம். “நாடகம் பாக்கப் போறம், வாடி,” என்றேன், நாடகத்தின் பெயரைச் சொன்னால் இடம் தெரியும் என்று நினைத்து. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். “எந்த வாடி மிஸ்? மரவாடியா, மீன் வாடியா?” மண்டபம் இருக்கும் தில்லையடியின் பெயரைச் சொன்னதும் அவராகவே முடிவெடுத்து, பலகை விற்கும் ஒரு மரவாடி வாசலில் கொண்டுபோய் இறக்கினார். நல்லகாலம், மண்டபம் அந்த மரவாடிக்கு அடுத்த ஒழுங்கை. 400 ரூபா.

10.30க்கு மூன்றாவது நாடகம். கரைத்தீவு இளைஞர்கள், வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளத்தில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள். கதை இவ்வளவுதான்: ஒரு வீட்டில் எல்லோரும் ஒரு படிவம் நிரப்புகிறார்கள். ‘நிரந்தர முகவரி’ என்ற கட்டத்தில் வாப்பா ஒன்று எழுதுகிறார், மகள் வேறொன்று எழுதுகிறாள், சண்டை தொடங்குகிறது. இருபத்தெட்டு நிமிடம் வயிறு வலிக்கச் சிரித்தேன். கடைசியில் மகள் அந்தக் கட்டத்துக்குள் வீட்டின் படத்தைக் கீறி வைக்கிறாள், சனம் கைதட்டு கைதட்டென்று தட்டியது. எனக்குத்தான் அந்தக் கட்டத்தைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. ஷர்மிளா பக்கத்தில் இருந்தாள்.

அந்த நாடகத்துக்கு மண்டபம் நிறைய ஆட்கள். அது முடிந்ததும் எல்லோரும் எழும்பி வெளியே போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. 11.30க்கு எண்ணிப் பார்த்தேன். உள்ளே ஒன்பது பேர், அதில் இரண்டு குழந்தைகள் நித்திரை.

என்ன நடந்ததென்று மண்டபப் பொறுப்பாளர் ரபீக் நானாவிடம் கேட்டேன் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம்). அவர் சிங்கள நிகழ்ச்சி நிரலைக் கையில் தந்தார். அச்சடித்தவர் தொலைபேசியில் பெயரைக் கேட்டு எழுதியிருக்கிறார். சிங்களத்தில் ஒருவரைக் கதிரையில் இருக்கச் சொல்வதென்றால் ‘வாடி வெண்ட’ என்போம். ஆகவே ‘11.30 – 12.05: வாடி’ என்பதை அவர் நாடகமென்றே நினைக்கவில்லை. அதற்கடுத்து விருந்தினர் பேச்சு என்று இருந்ததால், ‘ஆசனங்களில் அமர்தல்’ என்று சிங்களத்தில் விரித்துப் போட்டுவிட்டார். முப்பத்தைந்து நிமிடம் அமர்வதா! சிலாபத்திலிருந்து வந்த சிங்களச் சனம் முழுக்கத் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விட்டது.

“சரி, தமிழ் ஆக்கள் எங்க நானா?”

“அவங்க பேரப் பாத்துட்டுப் போயிட்டாங்க தங்கச்சி. என்னா பேர் இது? பொம்புளைகள ‘டி’ போட்டுக் கூப்புடுற மாதிரி இரிக்கி. எனக்கும் புடிக்கல்ல, பொய் சொல்ல ஏலா.” பிறகு மத்தியானத் தொழுகை அழைப்புக்கு எவ்வளவு நேரம் இருக்கிறதென்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “லுஹர் வாங்கு பன்னண்டு பத்தொம்பதுக்கு. அதுக்கு முந்தி முடிச்சிரணும். பதினொண்ணு நாப்பத்தஞ்சுக்குள்ள தொடங்கல்லண்டா இண்டைக்கி இல்ல.”

வெளியே முற்றத்திலும் தேத்தண்ணிக் கடையிலுமாக ஐம்பது பேர் நின்றார்கள். நான் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. வெளியே போய், இது என் அக்காவின் நாடகம், தயவுசெய்து உள்ளே வாருங்கள் என்று சொல்லவேண்டும். ஒரு வசனம். ஷர்மிளா பக்கத்தில் நின்றாள். “உங்களுக்கு ஏன் முகம் வேர்க்குது?” என்று கேட்டாள். நான் வெட்கங்கெட்டவள், மரம் மாதிரி நின்றேன்.

11.38க்கு அக்கா மேடைக்குப் பின்னாலிருந்து வந்தாள். இடுப்பில் நனைந்த சாக்கு, தலையில் துண்டு, கையில் மீன் கூடை. எங்களைத் தாண்டி நேரே முற்றத்துக்குப் போய், கச்சான் காற்றிலும் கரைக்குக் கேட்கிற அந்தத் தொண்டையால் கத்தினாள்.

“வாடி! வாடியோவ்! நேரம் போகுது, வாடி!”

தமிழ்ப் பெண்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். பிறகு ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், இன்னொருத்தி “வாறன்டி, கத்தாத!” என்று பதில் கொடுத்தாள், அவ்வளவுதான், கூட்டமாக வந்தார்கள். தேத்தண்ணிக் கடையிலிருந்த சிங்களச் சனம் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தது. “ஆ, வாடி வெண்டலு!” என்றார் ஒரு ஐயா. இருக்கச் சொல்கிறார்களாம் என்று எல்லோரும் கோப்பையை வைத்துவிட்டு வந்து ஒழுங்காகக் கதிரைகளில் இருந்தார்கள். ஒரே கூப்பாடு, ஒரு பாதிக்கு வரச் சொன்னது, மறுபாதிக்கு இருக்கச் சொன்னது. இரண்டு பாதியும் சொன்னபடி செய்தது!

திரும்பி வரும்போதுதான் அக்கா வாசலில் என்னைக் கண்டாள்.

“ரீற்றா, நீ என்ன பாத்துக்கொண்டு நிக்கிற? வாடி, வந்து மேடையில விரிக்க இந்தப் பாயப் புடி.”

பாயைப் பிடித்தேன். ஷர்மிளா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். “தெரிஞ்ச ஆளா?”

“என்ட அக்கா,” என்றேன். “நான் சிலாபம் இல்ல, ஷர்மிளா. கண்டக்குழி. வாடியில வளந்தவள்.”

“அதுதான் நேற்று அந்தக் கோபுரத்தையே சுற்றினோமா?” என்றாள் அவள். பிறகு பாயின் மறுமுனையைப் பிடித்தாள். ஏழு வருடம் நான் பயந்த பயத்துக்கு இவ்வளவுதான் விலை. என்னை நானே அறையவேண்டும் போல் இருந்தது.

ரபீக் நானா வாசலில் எண்ணினார். அறுபத்து மூன்று. 11.42க்குத் தொடங்கியது.

இனி விமர்சனம், தங்கச்சி என்பதை மறந்துவிட்டு எழுதுகிறேன். மேடையில் ஒரு கதிரை. அதைச் சுற்றி மூன்று பெண்கள் மீன் வெட்டுகிறார்கள், உப்புப் போடுகிறார்கள், காயவைக்கிறார்கள். அக்கா நடிக்கும் பெண்ணுக்கு நாடகம் முழுக்கப் பெயரே இல்லை, எல்லோரும் அவளை “வாடி” என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூட்டாளி ஒருத்தி சாரம் கட்டி, மீசை வைத்து முதலாளியாகவும் வருகிறாள், அவள் நடைக்கே தனியாகக் காசு கொடுக்கலாம். முதலாளி வருகிற வியாபாரிகளுக்கெல்லாம் “வாடி வெண்ட, வாடி வெண்ட” என்று அந்தக் கதிரையைக் காட்டுகிறார். பெயரில்லாதவள் ஒவ்வொரு தரமும் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து ஓடி வருகிறாள், திரும்பிப் போகிறாள். முதலில் மண்டபம் சிரித்தது. நாலாம் தரம் யாரும் சிரிக்கவில்லை. குறையென்றால் நடுவில் வரும் பாட்டு நீளம், இரண்டு அடி போதும். கடைசியில் எல்லோரும் போனபிறகு, அவள் கையைச் சாக்கில் துடைத்து, கதிரையைப் பார்த்து, தனக்குத்தானே மெல்ல “வாடி” என்கிறாள். போய் அதில் இருக்கிறாள். வெளிச்சம் அணைகிறது. அவள் தன்னைக் கூப்பிட்டாளா, தன்னை இருக்கச் சொன்னாளா, தன் இடத்தின் பெயரைச் சொன்னாளா? என் முன்வரிசைச் சிங்கள அம்மா அழுதுகொண்டிருந்தார், பின்வரிசைத் தில்லையடிப் பெண்களும் அழுதுகொண்டிருந்தார்கள். நான் எழும்பி நின்று, “என்ட அக்கா! என்ட அக்கா!” என்று கத்தினேன். ஷர்மிளா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

முடிந்தது 12.16. வாங்கு சொல்லும் வரை ஒருவரும் எழும்பவில்லை. ரபீக் நானா தொழுகைக்குப் போகும் வழியில் அக்காவின் முன்னால் நின்று, “பேர மாத்தாதீங்க புள்ள,” என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

பின்னேரம் 2.10க்குக் கற்பிட்டி பஸ்ஸில் எல்லோருமாக ஏறினோம். ஒன்றரை மணித்தியாலம், வழி நெடுக உப்பு விளையும் வாய்க்கால், காற்றாலை, வெங்காயத் தோட்டம். அங்கிருந்து கண்டக்குழிக்கு முச்சக்கரவண்டி 600 ரூபா. ஷர்மிளா வாடிக்குள் எங்கே நிற்பதென்று தெரியாமல் தடுமாற, அக்கா மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, முதலாளிக் குரலில் “வாடி வெண்ட!” என்றாள். நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வாடி நாய் குரைத்தது.

அடுத்த முறை போகிறவர்களுக்கு: கச்சான் காலத்தில் தலைக்குத் துண்டு, கண்ணுக்குக் கண்ணாடி எடுங்கள், மணல் அடிக்கும். நாடகங்கள் இலவசம், வாசலில் உண்டியல் இருக்கிறது, போடுங்கள். தில்லையடியில் காட்சி நேரத்தைப் பார்க்கும்போது வாங்கு நேரத்தையும் பாருங்கள். நிகழ்ச்சி நிரலை எந்த மொழியில் வாங்கினாலும் மற்ற மொழியையும் ஒருதரம் கேட்டு வையுங்கள். ஒரே நாளில் சிலாபமும் கற்பிட்டியும் என்று பேராசைப்படாதீர்கள்.

போன வாரம் முடிவு வந்தது. ஒக்டோபரில் கொழும்புக்குத் தெரிவான இரண்டு நாடகங்களில் ஒன்று கரைத்தீவுப் பிள்ளைகளுடையது, மற்றது ‘வாடி’. அலுவலகத்துப் பலகையில் ‘என் அக்காவின் நாடகம்’ என்று நானே எழுதி ஒட்டினேன். ‘என்னைப் பற்றி’ பக்கத்தையும் மாற்றிவிட்டேன்: ஊர் – கண்டக்குழி, கருவாட்டு வாடி. அன்று மாலையே அக்காவுக்குப் போன் எடுத்து வாசித்துக் காட்டினேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது, ஆனால் கேட்டால் இல்லையென்பாள்.

“சரி,” என்றாள். “சிங்களத்துல மட்டும் போடாத. வாசிக்கிற சனமெல்லாம் குந்திரும்.”