அந்தோணி மாமா பொட்டிக்கு மட்டும் வந்த பாட்டு

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதி யார் படிக்கப்போகிறார்கள் என்ற சோம்பல்தான். ஆனால் 'டீ-டூ-டீ-டீ-டூ' என்ற அந்தக் கூவல் இத்தனை வருஷம் கழித்தும் காதுக்குள் கொசு மாதிரி சுற்றிக்கொண்டிருப்பதால் உட்கார்ந்துவிட்டேன்.

செல்லிப்பட்டில் எங்கள் தெருவில் கரும்பு ஆலையின் ஜீப்புகள் இரண்டு நிற்கும். ஒன்றை ஓட்டியவர் என் அப்பா, மற்றதை ஓட்டியவர் என் கூட்டாளி அமல்ராஜின் அப்பா அந்தோணி மாமா. ஒரு வெட்டு சீசனில் ஆலை இரண்டிலும் 'ஒயர்லெஸ் பொட்டி' மாட்டிக் கொடுத்தது. எந்த வண்டி வேண்டுமோ அதற்கென்று வைத்த ஐந்து கூவலை முதலில் அனுப்பிவிட்டுத்தான் ஆலையிலிருந்து பேசுவார்கள். தன் கூவலைக் கேட்ட பொட்டி மட்டும் கத்தும், மற்றது சிவப்பு விளக்கை எரியவிட்டுக்கொண்டு செத்தது போலக் கிடக்கும். "காத்துல எல்லாம் ஒண்ணாதான்டா வருது, நம்ம பாட்டு வந்தாதான் நம்ம பொட்டி வாயத் தொறக்கும்" என்பார் அப்பா.

எங்கள் பாட்டு வரவே இல்லை. எங்களுடையது உர மூட்டையும் நடவுக்கு வெட்டிய கரும்பு விதைக்கரணையும் ஏற்றுகிற 'ஸ்பேர் வண்டி'. அந்தோணி மாமாவோ வெட்டு ஆட்களை ஏற்றுகிறவர், வழியில் நின்றுபோன லாரிகளைத் தேடிப் போகிறவர். கூவல் கேட்டதும் அவர் சோற்றுக் கையோடு எழுந்து ஓட, பின்னாலேயே தெருப் பிள்ளைகள் ஓட, "சொல்லுங்க சார், ஓவர்" என்று அவர் பேசுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு எரியும். போதாததற்கு அமல்ராஜ் வேறு.

"உங்க பொட்டி ஊமடா. அதுல கேவுரு கொட்டி வையி."

"கொட்டனா நீதான்டா மொதல்ல வந்து துன்னுவ" என்று சிரித்தேனே தவிர, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எங்களுக்கும் ஒரு பாட்டு இருக்கத்தானே செய்யும்? அது எப்படி இருக்கும் என்றாவது ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று எங்கள் ஜீப்பில் ஏறி அந்தச் சிவப்பு விளக்கையே முறைத்துக்கொண்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில், அந்தோணி மாமா பூசை முடிந்து வந்ததும், இரண்டு ஜீப்பையும் ஆற்றில் இறக்கிக் கழுவுவார்கள். தண்ணீர் பட்டுவிடும் என்று பொட்டிகளைக் கழற்றிக் கரையில் சாக்கு விரித்து வைத்து, பிறகு மாட்டுவார்கள். ஒரு வாரம் அவை மாறிப்போயின.

மறுநாள் வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு எங்கள் ஜீப்பில் உட்கார்ந்திருந்தேன், அப்பா பக்கத்தில் நின்று வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். 'டீ-டூ-டீ-டீ-டூ!' எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அந்தோணி, எங்கய்யா இருக்க?" என்றது எங்கள் பொட்டி. அப்பா பொட்டியைப் பார்த்தார், தெருக்கோடியில் நின்ற அந்தோணி மாமாவின் ஜீப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தார்.

"சொல்லுங்க சார், ஓவர்."

கரகரப்பில் குரல் வித்தியாசம் தெரியவில்லை போலும். சுத்துக்கேணியில் லாரி சேற்றில் மாட்டிக்கொண்டது, ஆட்களை ஏற்றிப் போ என்றார்கள், போனோம். பொழுது சாய்கிறவரை கூப்பிட்டார்கள், "இவ்ளோ நேரமாய்யா?" என்று திட்டினார்கள், அதுகூட எனக்குத் தேனாக இருந்தது. அப்பா அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து வண்டி ஓட்டி நான் பார்த்ததில்லை.

சாயந்திரம் அவரே பொட்டியைக் கழற்றிக்கொண்டு போனார். "இன்னாபா, உன் பொட்டி எங்கிட்ட வந்துட்ச்சி." கன்னத்தில் பாய் பதிந்த அச்சோடு வெளியே வந்த அந்தோணி மாமா, "அட, நான் பாக்கவே இல்லியேபா" என்றார். அவருக்கு முகம் செத்துவிட்டது என்று நினைத்து அன்றிரவு ஒரு பிடி கூடவே சாப்பிட்டேன்.

ஆனால் மறுநாளிலிருந்து எங்கள் பொட்டி பழையபடி ஊமை. ருசி கண்ட பிறகு பொறாமை இரண்டு பங்காயிற்று.

இப்போது ஜீப்புகளை ஆலை விற்றுவிட்டது. ஊரில் ஆலை வைத்திருக்கிற கரும்பு ஆபீசுக்கே டெலிபோன் வந்துவிட்டது. பொட்டிகள் எந்த ஊர் பழைய இரும்புக் கடையில் கிடக்கின்றனவோ. எங்கள் பாட்டு எப்படி இருக்கும் என்பது கடைசிவரை தெரியாமலே போயிற்று. அப்பா மட்டும், "அன்னிக்கி நான் போவலன்னா அந்த லாரி இன்னும் அங்கியேதான் கெடக்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நேற்று இதை அமல்ராஜுக்குப் படித்துக் காட்டினேன். அவன் சொந்தமாக லாரி வாங்கிவிட்டான், அந்த வயிற்றெரிச்சல் தனி. முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"போடா லூசு, பொட்டிய மாத்தி மாட்டனதே எங்கப்பாதான்டா, ஒருநாளாவது ஒக்காந்து சோறு துன்னலாம்னு."